அரை டாக்டர் கொடுத்த மாத்திரை

ஜன்னல் திரைகளும் மெத்தை உறைகளும் தைக்கிற கடை அது. பின்கட்டில் மூன்று தையல் மிஷின்கள். வெளிச்சம் நன்றாக விழுகிற மிஷின் அவளுக்கு. முதலாளி முதல் துணி வெட்டுகிறவர் வரை எல்லோருக்கும் அவள் அக்கா. ஆனால் அவள் குடியிருந்த தெருவில் அவளுக்கு வேறு பெயர் இருந்தது: அரை டாக்டர். அது அவள் காதுக்கு எட்டாது என்று தெரு நினைத்துக்கொண்டிருந்தது. அவளுக்கு எட்டியிருந்தது, உள்ளூரப் பிடித்தும் இருந்தது.

அந்தப் பெயர் சும்மா வந்ததில்லை. அவளுடைய அம்மா பக்கவாதத்தில் விழுந்து பல வருஷம் படுக்கையிலேயே கிடந்தாள். வேளாவேளைக்கு மருந்து கொடுத்தது, ஊசி போட ஆளைக் கூட்டி வந்தது, எந்த மாத்திரை சாப்பாட்டுக்கு முன், எது பின் என்று பார்த்துப் பார்த்துச் செய்தது எல்லாம் இவள்தான். அம்மா போன பிறகு மிச்சம் இருந்த மாத்திரை அட்டைகளை ஒரு பிஸ்கட் டப்பாவில் போட்டு அலமாரியில் வைத்தாள். பக்கத்து வீட்டுக்காரிக்குத் தலைவலி என்றால் அந்த டப்பா இறங்கும். சாவி செய்கிறவருக்குப் பல்வலி, மாடியில் இருக்கிறவருக்கு வயிற்றுப்போக்கு, எல்லாவற்றுக்கும் டப்பாதான். துணி வெட்டுகிற கத்தரியாலேயே அட்டையிலிருந்து ரெண்டு மாத்திரையை நறுக்கிக் கொடுப்பாள். "டாக்டர்கிட்ட போனா டோக்கன் வாங்கிட்டு உக்காரணும். இங்க வந்தா டீயும் கிடைக்குது" என்பார் சாவிக்காரர். அவள் சிரிக்கமாட்டாள். தலையைச் சாய்த்து, "சூடா எதுவும் குடிக்காதீங்க, ராத்திரி ஒண்ணு போட்டுக்கங்க" என்று சொல்லும்போது அவள் குரலே மாறிப்போகும்.

கணவனுக்கு வெளியூரில் வேலை. எப்போதாவது வந்து போவார். அவளுக்கு உறவு என்று பக்கத்தில் இருந்தது ஒரே தம்பி. அவளைவிட மிகவும் சின்னவன். அம்மா படுத்தபோது அவன் பள்ளிக்கூடப் பையன், ஆகவே அவனுக்கும் இவள்தான் அம்மா. இப்போது அவன் நகரப் பேருந்து ஓட்டுகிறான், கல்யாணம் ஆகிவிட்டது. அவன் மனைவி மழலைப் பள்ளியில் ஆசிரியை. அக்கா அவளை நேரில் "வாம்மா, போம்மா" என்று பேசுவாள். அவள் இல்லாத இடத்தில் "டீச்சர் என்ன சொல்றாங்க?" என்று தம்பியைச் சீண்டுவாள். சண்டை ஒன்றும் கிடையாது. பாசமும் பொங்கி வழியவில்லை.

ஒரு சமயம் தம்பியின் கெண்டைக்கால் வீங்கியது. உட்கார்ந்தே ஓட்டுகிற வேலை, சுளுக்காக இருக்கும் என்று அவன் விட்டுவிட்டான். பிறகு மாடிப்படி ஏறினாலே மூச்சு வாங்கியது. மருத்துவமனையில், காலில் ரத்தம் கட்டி அதில் ஒரு துணுக்கு நுரையீரலுக்குப் போய்விட்டது என்றார்கள். பிழைத்துக்கொண்டான். ஆனால் ரத்தம் உறையாமல் இருக்க ஒரு மாத்திரையை நாள் தவறாமல் சாப்பிட வேண்டும், அவ்வப்போது ரத்தப் பரிசோதனை செய்து அளவு சரியா என்று பார்க்க வேண்டும் என்று சொல்லி அனுப்பினார்கள்.

வீட்டுக்கு வந்த சில நாளில் அவனுக்குச் சளி. அக்கா வழக்கம்போல் கைப்பையில் ரெண்டு அட்டையோடு போனாள். தம்பி மனைவி வாசலிலேயே பார்த்துவிட்டாள்.

"அண்ணி, தப்பா எடுத்துக்காதீங்க. இனிமே இவருக்கு நீங்க எந்த மாத்திரையும் குடுக்க வேணாம். இந்த மருந்தோட வேற எது சேந்தாலும் எங்கயாவது ரத்தக்கசிவு வரலாமாம். வலி மாத்திரை கூடவே கூடாதாம். டாக்டர் படிச்சுப் படிச்சுச் சொன்னாங்க."

"எனக்குத் தெரியாதாம்மா? எங்கம்மாவை அத்தனை வருஷம் யார் பாத்தா?"

"அது வேற அண்ணி."

அது வேற என்ற அந்த ரெண்டு வார்த்தை அக்காவுக்குச் சுருக்கென்று தைத்துவிட்டது. அட்டைகளைப் பைக்குள் திணித்துக்கொண்டு, டீகூடக் குடிக்காமல் திரும்பினாள். அதன்பின் அந்த வீட்டுக்குப் போவதைக் குறைத்துக்கொண்டாள். யாராவது கேட்டால், "அவங்க வீட்ல டீச்சரே டாக்டரும் ஆயிட்டாங்க" என்பாள்.

சில மாதம் கழித்து ஒரு மத்தியான வேளை, தம்பி கடைக்கே வந்தான். காக்கிச் சட்டையோடு, ஒரு கையை இடுப்பில் ஊன்றிக்கொண்டு கதவருகே நின்றான்.

"என்னடா, கோணிக்கிட்டு நிக்கிற?"

"இடுப்பு உயிர் போகுது அக்கா. புது வண்டி குடுத்திருக்காங்க. சீட்டு ஒரு பக்கமாச் சாயுது. திருப்பத்துல எல்லாம் குத்துது."

"டாக்டர்கிட்ட காட்டினியா?"

"காட்டினேன். வேற ஏதோ மாத்திரை குடுத்து, வென்னீர் ஒத்தடம் குடுங்கன்னாங்க. ஒண்ணும் கேக்கல. லீவு போட்டா மேல இருக்கிறவன் மூஞ்சியைத் தூக்கி வச்சுக்கிறான்."

அவன் கண்ணில் நீர் கோத்திருந்தது. சின்ன வயசில் காய்ச்சலில் கிடந்தபோதும் அவன் அப்படித்தான், அழமாட்டான், கண் மட்டும் நிறையும். அக்காவுக்கு மனசு தாங்கவில்லை. தாங்காததோடு இன்னொன்றும் சேர்ந்துகொண்டது. அதை அவள் அப்போது ஒப்புக்கொள்ளவில்லை. பெரிய டாக்டரும் டீச்சரும் சேர்ந்தும் தீர்க்க முடியாத வலியோடு அவன் கடைசியில் தன்னிடம்தான் வந்திருக்கிறான் என்ற நிறைவு அது.

பையைத் திறந்தாள். முழங்கால் வலிக்கு அவளே போட்டுக்கொள்கிற அட்டை ஒன்று இருந்தது. அப்படியே எடுத்து அவன் சட்டைப்பையில் செருகினாள்.

"காலைல ஒண்ணு, ராத்திரி ஒண்ணு. சாப்பிட்டுட்டுப் போடு."

அவன் தயங்கினான். "அவ வேணாம்னு சொன்னாளே."

"நாலு நாள் போடறதுல என்ன ஆயிடும்? பயந்தா ஒண்ணும் ஆகாது." குரலைத் தாழ்த்தினாள். "அவகிட்ட சொல்லாத."

அவன் தலையாட்டினான். சின்ன வயசில் அவள் எதைச் சொன்னாலும் ஆட்டுவானே, அதே மாதிரி.

வலி மாத்திரைக்குக் கேட்டது. அதுதான் வினை. இடுப்புவலி பறந்துவிட்டது என்று போனில் சொன்னான், இன்னொரு அட்டை கேட்டான். அவள் தன் அட்டையிலிருந்து நறுக்கிக் கொடுத்தாள். நாலு நாள் என்றது எப்போது ரெண்டு வாரத்தைத் தாண்டியது என்று ரெண்டு பேரும் பார்க்கவில்லை. ஒரு நாள் அட்டை வாங்க வந்தவனின் முழங்கையில் கத்தரிப்பூ நிறத்தில் ஒரு கன்றல் இருந்தது. "கியர்ல இடிச்சேன்" என்றான். பல் தேய்த்தால் ஈறில் ரத்தம் வருகிறது என்றும் பேச்சோடு பேச்சாகச் சொன்னான். அக்கா யோசிக்கக்கூட இல்லை. "பிரஷ் முரடா இருக்கும், மாத்து" என்றாள். மிஷினில் ஒரு பெரிய ஓட்டல் திரை ஓடிக்கொண்டிருந்தது. மடிப்பு கோணாமல் இருப்பதில்தான் அவள் கவனம்.

அவன் விழுந்தது ஒரு காலை நேரம், பணிமனையில். வண்டியை எடுக்கப் படியில் கால் வைத்தவன் அப்படியே சரிந்தான். முகம் சுண்ணாம்பாக வெளுத்திருந்ததாம். கொஞ்சம் தாமதமாக, நடுரோட்டில், வண்டி நிறைய ஆட்களோடு விழுந்திருந்தால் என்னவாகியிருக்கும் என்ற நினைப்பு அக்காவுக்குப் பிற்பாடுதான் வந்தது. வந்தபோது தையல் மிஷினை நிறுத்திவிட்டு எழுந்து வெளியே போய் நின்றாள்.

அவள் மருத்துவமனைக்குப் போய்ச் சேர்ந்தபோது அவனுக்கு ரத்தம் ஏறிக்கொண்டிருந்தது. கட்டிலின் ஒரு பக்கம் அவன் மனைவி, பள்ளிக்கூடத்திலிருந்து அப்படியே ஓடி வந்தவள், விரலில் சாக்பீஸ் தூள்கூடப் போகவில்லை. மறுபக்கம் ஒரு இளம் பெண் டாக்டர்.

"ரெண்டு மூணு நாளா வெளிக்குப் போறது கறுப்பா, தார் மாதிரி இருந்துச்சா?" என்று டாக்டர் கேட்டார்.

"ஆமா," என்றான் தம்பி. "ஏதோ சாப்பிட்டது ஒத்துக்கலைன்னு நெனச்சேன்."

"வயித்துக்குள்ள ரத்தம் கசிஞ்சிருக்கு. ரத்தம் உறையாம இருக்கிற மாத்திரையைத் தவிர வேற ஏதாவது சாப்பிட்டீங்களா? வலி மாத்திரை, நாட்டு மருந்து, எதுவா இருந்தாலும் சொல்லுங்க."

தம்பி பதில் சொல்லுமுன் ஒரு கணம் கண்ணைத் திருப்பினான். கட்டிலின் கால்மாட்டில் நின்ற அக்காவைப் பார்த்தான்.

"இல்ல டாக்டர். எதுவும் சாப்பிடல."

அவள் வாயைத் திறக்க வேண்டிய நேரம் அதுதான். ஒரு வார்த்தை போதும். டாக்டர் பேனாவோடு நிற்கிறார், எதிரே தம்பி மனைவி நிற்கிறாள். அக்கா கையிலிருந்த பையின் வாரைச் சுருட்டிக்கொண்டே நின்றாள்.

டாக்டர் நெற்றியைச் சுருக்கினார். "ரத்தப் பரிசோதனையில மருந்தோட அளவு கொஞ்சம்தான் ஏறியிருக்கு. இவ்வளவு கசிய அது மட்டும் காரணமா இருக்காதுன்னு தோணுது. உள்ள புண்ணோ, இல்ல ஏதாவது கட்டியோ இருக்கான்னு குழாய் விட்டுப் பாக்கணும். இப்ப ரத்த அழுத்தம் கொஞ்சம் நிலைப்பட்டிருக்கு. நாளைக்குக் காலைல பாத்துடலாம்."

கட்டி என்ற சொல் தம்பி மனைவியின் காதில் மட்டும் தனியாக விழுந்திருக்க வேண்டும். தாழ்வாரத்து பெஞ்சில் வந்து உட்கார்ந்ததும் அக்கா பக்கம் திரும்பினாள்.

"கட்டின்னா புத்துநோயா அண்ணி?"

"அப்படியெல்லாம் இருக்காதும்மா."

"எங்கப்பாவுக்கு வயித்துலதான் வந்துச்சு. இவரும் ஒழுங்கா சாப்பிடறதில்ல. நான் கவனிச்சிருக்கணும். ஒருவேளை மாத்திரையை நான்தான் ஏதாவது ஒரு நாள் ரெண்டு தடவை எடுத்துக் குடுத்துட்டேனோ என்னவோ. காலைல அவசரத்துல எனக்கு எதுவும் ஞாபகம் இருக்கிறதில்ல. நான்தான் அண்ணி ஏதோ பண்ணிட்டேன்."

இத்தனை வருஷத்தில் அக்காவைத் தொட்டுப் பேசாதவள், அன்றைக்கு அவள் தோளில் தலையைச் சாய்த்து அழுதாள். அக்கா அவள் முதுகைத் தட்டிக்கொடுத்தாள். "நீ ஒண்ணும் பண்ணல" என்றாள். அது உண்மை. அந்த உண்மையின் மீதிப் பாதியை அவள் விழுங்கினாள். தட்டிக்கொண்டிருந்த கை தன்னுடையதுதானா என்றே அவளுக்குச் சந்தேகமாக இருந்தது.

நர்ஸ் வந்து அவனுடைய உடுப்புகளை ஒரு பையில் போட்டுக் கொடுத்து, மாற்று உடை கொண்டுவரச் சொன்னார். "நான் போயிட்டு வர்றேன், நீ அவன்கூட இரு" என்று அக்கா எழுந்தாள். அங்கிருந்து நகர ஒரு சாக்கு கிடைத்ததே என்றிருந்தது.

பேருந்து நிறுத்தத்தில் நின்றபோது பைக்குள் கைவிட்டுக் காக்கிச் சட்டையைத் தடவினாள். சட்டைப்பையில் அட்டை இருந்தது. அவள் கத்தரியால் நறுக்கிக் கொடுத்த ஓரம் அப்படியே நேராக இருந்தது. இரண்டே மாத்திரை பாக்கி.

நிறுத்தத்துக்குப் பக்கத்தில் ஒரு குப்பைத் தொட்டி. அவள் அக்கம்பக்கம் பார்த்தாள். அட்டையை உள்ளே போட்டாள். போட்டதும் மூச்சு சீராக வந்தது. இனி இது அவனுக்கும் எனக்கும் மட்டும் தெரிந்தது, நாளைக்குக் குழாய் விட்டுப் பார்ப்பார்கள், புண் இருந்தால் ஆற்றிவிடுவார்கள், முடிந்தது. அவள் ஏறவேண்டிய பேருந்து வந்தது. ஏறி உட்கார்ந்தாள். ஓட்டுநர் இருக்கையில் ஒரு நடுவயதுக்காரர் இடுப்புக்குப் பின்னால் ஒரு துண்டைச் சுருட்டி முட்டுக்கொடுத்து உட்கார்ந்திருந்தார். அக்கா அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். நாளைக்குக் காலை வரை ரத்தம் கசிவது நிற்காவிட்டால்? எதனால் என்றே தெரியாமல் இருக்கிறார்களே, தெரிந்தால் வேறு ஏதாவது செய்வார்களோ? அவன் வாயைத் திறக்கமாட்டான். செத்தாலும் திறக்கமாட்டான். நான் சொல்லாதே என்று சொல்லியிருக்கிறேன்.

அடுத்த நிறுத்தத்திலேயே இறங்கினாள். வந்த வழியே வேகவேகமாக நடந்தாள். குப்பைத் தொட்டியின் மேல் அதற்குள் யாரோ தேநீர்க் கோப்பைகளை வீசியிருந்தார்கள். புடவைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு கையை முழங்கை வரை உள்ளே விட்டாள். நிறுத்தத்தில் நின்றவர்கள் விலகி நின்றார்கள். ஒரு பெண், "ஏதாவது தவறவிட்டுட்டீங்களா?" என்று கேட்டாள்.

"ஆமாம்மா," என்றாள் அக்கா.

டீக்கறை படிந்த அட்டையைத் துடைத்து உள்ளங்கையில் வைத்துக்கொண்டு அவள் வார்டுக்குள் நுழைந்தபோது டாக்டரும் தம்பி மனைவியும் கட்டிலருகே பேசிக்கொண்டிருந்தார்கள். மாற்று உடை எங்கே என்று யாரும் கேட்கவில்லை. அவள் கையை நீட்டினாள்.

"இதைத்தான் சாப்பிட்டான். ரெண்டு வாரத்துக்கு மேல இருக்கும், காலைல ராத்திரி. நான்தான் குடுத்தேன்."

தம்பி, "அக்கா" என்று எழ முயன்றான். நர்ஸ் அவனை அழுத்திப் படுக்க வைத்தார்.

டாக்டர் அட்டையைத் திருப்பிப் படித்தார். திட்டவில்லை. திட்டியிருந்தால் கொஞ்சம் சுலபமாக இருந்திருக்கும். "இது வயித்தோட உள்சுவரை அரிக்கும். சும்மா இருக்கிறவங்களுக்கே புண் வரும். இவருக்கு ரத்தம் சீக்கிரம் உறையாது, அப்ப அந்தப் புண் மூடாம கசிஞ்சுக்கிட்டே இருக்கும். ரெண்டும் சேந்தாத்தான் ஆபத்து. இதை முதல்லயே சொல்லியிருக்கலாம்" என்று சொல்லிவிட்டு, நர்ஸிடம் திரும்பி, காலை வரை காத்திருக்க வேண்டாம், இப்போதே ஏற்பாடு செய்யுங்கள் என்றார்.

அவனைத் தள்ளிக்கொண்டு போனார்கள். தாழ்வாரத்தில் அதே பெஞ்ச். தம்பி மனைவி உட்காரவில்லை. சுவரில் சாய்ந்து நின்றாள்.

"நான் வேணாம்னு சொன்னதுக்கு அப்புறமா குடுத்தீங்க?"

"ஆமா."

"என்கிட்ட சொல்ல வேணாம்னு அவர்கிட்ட சொன்னீங்களா?"

"ஆமாம்மா."

அவள் குரலை உயர்த்தாமலேயே சொன்னாள். "மாத்திரை குடுத்ததுகூட ஏதோ அவர் வலியைப் பாக்கத் தாங்காமதான்னு வச்சுக்கலாம் அண்ணி. நான் புத்துநோயோன்னு பயந்து அழுதேன். நான்தான் கொன்னுட்டேனோன்னு அழுதேன். அப்ப என் முதுகைத் தட்டிக் குடுத்தீங்களே. எப்படி முடிஞ்சுது உங்களால?"

அக்கா மன்னிப்புக் கேட்க வாயெடுத்தாள். ஆனால் இந்த நேரத்தில் அதைக் கேட்டால், அந்தப் பெண்ணின் துக்கத்திலிருந்தும் தனக்கென்று ஓர் ஆறுதலைப் பிடுங்கிக்கொள்வதாகும் என்று தோன்றியது. அப்படியே உட்கார்ந்திருந்தாள்.

வயிற்றில் புண்தான். கட்டி எதுவும் இல்லை. ரத்தம் கசிந்த இடத்தைக் குழாய் வழியாகவே கவ்வி அடைத்துவிட்டோம் என்று டாக்டர் வந்து சொன்னபோது தம்பி மனைவி இரண்டு கையாலும் முகத்தைப் பொத்திக்கொண்டாள். அக்கா எழுந்து நின்றாள், ஆனால் பக்கத்தில் போகவில்லை. தட்டிக்கொடுக்கும் உரிமை போய்விட்டிருந்தது.

மறுநாள் தம்பியைப் பார்க்க அனுமதித்தார்கள். உதடு காய்ந்து, குரல் கம்மிப் போயிருந்தது.

"ஏன் அக்கா சொன்ன? சமாளிச்சிருப்பேன்ல."

அவளுக்கு முதல்முறையாக அவன் மேல் கோபம் வந்தது. "எதைடா சமாளிப்ப? டாக்டர் கேக்கிறாங்க, உயிர் போற நேரத்துல பொய் சொல்ற."

"நீதான சொல்லாதன்ன?" என்றான் அவன். குற்றம் சாட்டிச் சொல்லவில்லை. நடந்ததைச் சொன்னான், அவ்வளவுதான். அக்கா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

வீட்டுக்கு வந்ததும் டப்பாவில் இருந்ததையெல்லாம் மருத்துவமனை மருந்தகத்தில் கொண்டுபோய்க் கொட்டிவிட்டாள். பாதிக்கு மேல் தேதி முடிந்தவை என்றார்கள். அதற்குப் பிறகும் தெரு வந்துகொண்டுதான் இருந்தது. தலைவலி, இருமல், தூக்கமில்லை. "டாக்டர்கிட்ட போங்க" என்பாள். தெருவுக்குப் புரியவில்லை. அவளுக்கு மண்டைக்கனம் வந்துவிட்டது என்று மாடிக்காரர் சொன்னார். பொறுத்துப் பார்த்துவிட்டு ஒரு நாள் சாவிக்காரரிடம் மட்டும் சொன்னாள். "என் தம்பியைக் கொல்லப் பாத்தேன்" என்றுதான் ஆரம்பித்தாள். அவர் கேட்டு முடித்துவிட்டு, "தெரியாமத்தானே அக்கா" என்றார். "தெரியும்," என்றாள் அவள். "அந்தப் பொண்ணு சொல்லியிருந்தா. அவ சொன்னதாலதான் குடுத்தேன்." வாய்விட்டுச் சொன்ன பிறகுதான் அது அவளுக்கே முழுசாக விளங்கியது.

ரத்தம் உறையாமல் இருக்கிற மாத்திரையைக் கொஞ்ச நாள் நிறுத்தி வைத்திருந்தார்கள். அந்த நாட்கள் அவளுக்கு இன்னும் மோசம். இப்போது மறுபடியும் எங்காவது ரத்தம் கட்டிக்கொண்டால் அதுவும் தன் கணக்கில்தான் என்று தம்பியின் காலையே பார்ப்பாள். பிறகு வயிற்றுக்கு ஒரு மாத்திரையும் சேர்த்து மறுபடி ஆரம்பித்தார்கள். அவன் தேறினான். வண்டி ஓட்ட இன்னும் விடவில்லை, பணிமனை அலுவலகத்தில் உட்கார வைத்திருக்கிறார்கள். நகர்கிற வேலை பார்த்தவனுக்கு அது சிறைதான். ஆனால் அவன் அதைப் பற்றி அக்காவிடம் முறையிடுவதில்லை.

தம்பி மனைவி அவளை வராதே என்று ஒருநாளும் சொல்லவில்லை. போனால் நாற்காலி இழுத்துப் போடுவாள். பேச்சு மட்டும் தேவைக்கு மேல் ஒரு சொல் நீளாது. அக்கா உள்ளே நுழையும்போது அலமாரியில் இருக்கும் மருந்துப் பெட்டியை அவள் கண் ஒரு தடவை தொட்டுவிட்டு வரும். அதை அக்காவும் பார்ப்பாள். பார்க்காத மாதிரி இருப்பாள்.

போன வாரம் டீச்சரிடமிருந்து போன் வந்தது.

"அண்ணி, நாளைக்கு அவருக்கு ரத்த டெஸ்ட். எனக்குப் பள்ளிக்கூடத்துல பரீட்சை, லீவு கிடைக்கல. நீங்க கூட்டிட்டுப் போக முடியுமா?"

"போறேம்மா."

"அங்க என்ன கேட்டாலும்…" என்று ஆரம்பித்து அவள் நிறுத்தினாள்.

"எல்லாத்தையும் சொல்லிடறேன்," என்றாள் அக்கா.

கடையில் அரை நாள் சொல்லிவிட்டுப் போனாள். பரிசோதனைக்கூடத்தில் தம்பி கையை நீட்டிக்கொண்டு, ஊசி குத்தும்போது பக்கத்துச் சுவரைப் பார்த்தான். சின்ன வயசிலிருந்தே ஊசி என்றால் பயம். ரத்தம் எடுத்தவர் பஞ்சை வைத்து, "இவருக்குச் சீக்கிரம் நிக்காது. கொஞ்ச நேரம் நல்லா அழுத்திப் பிடிங்க" என்றார். தம்பி பிடிப்பதற்குள் அக்கா பிடித்துவிட்டாள். தையல்காரியின் கட்டைவிரல், நல்ல அழுத்தம்.

"போதும் அக்கா, கை மரத்துப் போச்சு. ஆட்கள் காத்துக்கிட்டு இருக்காங்க."

அவர்கள் எழுந்து வெளியே நடைபாதைக்கு வந்தார்கள். வெயில் ஏறியிருந்தது. அவன் ஏதோ பணிமனைக் கதையைச் சொல்லிச் சிரிக்கவைக்கப் பார்த்தான். அக்கா கேட்டுக்கொண்டே நடந்தாள். அவள் கட்டைவிரல் பஞ்சின் மேலேயே இருந்தது.